நாவற்குடாவில் ஓர் இத்தாலியச் சாப்பாடு: பில்லை யார் கொடுப்பது?

இவ்வருட ஓகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை, நாவற்குடாவில் நாங்கள் ஐந்து பேர் கூடியிருந்தோம். ஒரே வகுப்பில் படித்தவர்கள். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஆளுக்கொரு திசையாகச் சிதறியவர்கள். ஒருவன் இத்தாலியின் பலெர்மோ நகரில் முப்பது வருடங்களுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் வேலை செய்கிறான். ஒருவர் ஆசிரியர். ஒருவன் ஓட்டோ ஓடுகிறான். இன்னொருவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிறார். ஐந்தாவது ஆள் இதை எழுதுபவன்.

“வெளிய எங்கயாவது போய்ச் சாப்பிடுவம்” என்று தொடங்கினான் பலெர்மோக்காரன். அவன் வந்தால் அப்படித்தான். கல்லடிப் பக்கம் போகலாம், காத்தான்குடியில் புரியாணி சாப்பிடலாம், நகருக்குள் பீட்சா இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னோம். பீட்சா என்றதும் அவன் முகம் கோணியது. “மச்சான், அத நான் வருசம் முழுக்கச் சுடுறன். லீவிலயும் அதுதானா?”

ஆனால் இடத்தைத் தெரிவு செய்வதில் இருந்த தயக்கத்துக்குச் சுவை காரணமல்ல. பில்லை யார் கொடுப்பது என்பதுதான் காரணம். அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவன்தான் கொடுப்பான் என்பது எழுதப்படாத சட்டம். ஓட்டோ ஓடும் நண்பன் கடந்த இரண்டு தடவைகளும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கடைசி நேரத்தில் வராமல் விட்டவன். ஐந்து பேர் ஒரு நல்ல உணவகத்தில் இருந்து எழும்பினால், உணவின் விலையோடு 10 வீதச் சேவைக் கட்டணமும் சேரும். பதிவு செய்த கடையென்றால் 18 வீத வற் வரியும் சேரும். அவனுடைய இரண்டு மூன்று நாள் உழைப்பு அந்த ஒரு தாளில் முடிந்துவிடும். அவன் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு மேசையில் சமமாக அமர முடியாமல் போவது யுத்தம் விட்டுச்சென்ற விடயங்களில் ஒன்று. அதை எந்த அறிக்கையிலும் காண முடியாது.

கடைசியில் பலெர்மோக்காரனே ஒரு வழி சொன்னான். “நான் வேலை செய்யிற கடைக்கு உங்கள ஒரு நாளும் கூட்டிப்போக ஏலாது. கடைய இஞ்ச கொண்டு வாறன். மாவும் முட்டையும் வாங்குங்க.” காத்தான்குடி நண்பர் தக்காளியும் உள்ளியும் வாங்கி வந்தார். இறால் வாவியில் இருந்து வந்தது. கணக்கு ஒரு விதமாகப் பங்கிடப்பட்டது. ஓட்டோ நண்பன் முட்டைக்குக் காசு கொடுத்தான். அன்றைக்கு அவன் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

வீடு அவனுடைய தங்கையின் வீடு. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பலெர்மோவில் அவன் முதல் பத்து வருடம் உழைத்ததெல்லாம் இரண்டு தங்கைமாருக்கு வீடு கட்டத்தான். ஒன்றைக் கட்டி முடித்த பிறகு 2004 டிசெம்பர் 26 வந்தது. நாவலடி, டச்பார், கல்லடி, நாவற்குடா என்று கரையோரம் முழுதும் கடல் புகுந்த அந்த நாளில் அந்த வீட்டில் அரைவாசி போய்விட்டது. திரும்பவும் கட்டினான். வெளிநாட்டில் இருந்து வந்த காசுக்கு என்ன நடந்தது, ஏன் இங்கே ஒரு தொழிலும் தொடங்கவில்லை என்று கொழும்பில் இருந்து கேட்கும் பொருளியலாளர்களுக்கு இந்த வீடு ஒரு பதில்.

குசினிக்குள் போனதும் அவன் வேறு ஆளாகிவிட்டான். மேசையைத் துடைத்து மாவைக் குன்றாகக் குவித்து, நடுவில் குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றினான். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பதுதான் கணக்கு. தண்ணீர் இல்லை. வட இத்தாலியில்தான் இப்படி முட்டை போட்டுக் குழைப்பார்களாம். சிசிலி உட்படத் தெற்கில் துரும் என்ற கடின கோதுமையை அரைத்த ரவையும் தண்ணீரும் மட்டும்தான். முட்டை பணக்காரர் வீட்டுச் சங்கதி. துரும் ரவை இங்கே கடைகளில் இலகுவில் கிடைக்காததால் அன்றைக்கு நாங்கள் பணக்காரரானோம். நமது சாதாரண கோதுமை மா அதற்குப் போதும் என்றான்.

அவனுடைய அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். “என்ன மனே, இது நூடில்ஸ்தானே? இதுக்கா இம்புட்டுப் பாடு?” என்றார். அவன் மறுக்கவில்லை.

குசினி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். பத்து வருடம்தான் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அவர்களுடைய குசினியும் பாணும் நமது வாயில் இன்றைக்கும் இருக்கின்றன. இத்தாலியர் சமையலறையைக் குச்சீனா என்றும் பாணைப் பானே என்றும் சொல்கிறார்கள். இரண்டு மொழிக்கும் வேர் இலத்தீன். வேலைக்குப் போன முதல் நாள் முதலாளி “குச்சீனா” என்று கையைக் காட்டியபோது தனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான் என்று அவன் சிரித்தான். இத்தாலிய மொழியில் வேறொரு சொல்லும் தெரியாத இருபது வயதுப் பையனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை.

தமிழர்கள் ஐரோப்பியச் சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு விருப்பம் காரணமில்லை, சட்டம்தான் காரணம். 1983க்குப் பிறகு சுவிற்சர்லாந்தில் புகலிடம் கோரிய தமிழ் இளைஞர்களுக்கு உணவகம், துப்புரவு போன்ற, உள்ளூர் ஆட்கள் வர விரும்பாத துறைகளிலேயே பெரும்பாலான மாநிலங்கள் வேலை செய்ய அனுமதித்தன. தொடக்கத்தில் அங்குள்ள பத்திரிகைகள் அவர்களைச் சந்தேகத்தோடு எழுதின. சில வருடங்களில், தமிழரைத் திருப்பி அனுப்பினால் எங்கள் சமையலறைகள் நின்றுவிடும் என்று உணவக உரிமையாளர்களே பேசும் நிலை வந்தது. இத்தாலியில் கதை வேறு. அங்கே புகலிடம் கிடைத்தவர்கள் குறைவு. பெரும்பாலானோர் விசா இல்லாமல் இருந்து, அரசு அவ்வப்போது அறிவித்த பொது ஒழுங்குபடுத்தலில் பதிவு பெற்றவர்கள். 1990, 1995, 1998 என்று அவை வந்தன. 2002இல் மட்டும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் இப்படிப் பதிவு பெற்றார்கள். எங்கள் நண்பன் 1995இல் பெற்றவன். அதுவரை மூன்று வருடம் ஒரு குசினியின் பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தவன்.

இத்தாலி என்றதும் இலங்கையில் பலருக்கு வென்னப்புவவும் மாறவிலவும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து போன சிங்களக் கத்தோலிக்கர் பெருமளவில் இத்தாலியில் வாழ்கிறார்கள். அவர்கள் கட்டிய மாடிவீடுகளால் வென்னப்புவவுக்குச் சின்ன இத்தாலி என்றே பெயர். பலெர்மோ மட்டும் தமிழரின் இடம். அந்த நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கும் பெல்லெகிரினோ மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர் நடந்து ஏறுகிறார்கள். சைவர்களும் ஏறுகிறார்கள். மாமாங்கத்துக்குப் போக முடியாதவன் மலைக்குப் போகிறான் என்று எங்கள் நண்பன் சொன்னதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை.

சிசிலிக்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஊரை விட்டு ஓடியவர்கள்தான். 1880க்கும் 1915க்கும் இடையில் ஒரு கோடியே முப்பது இலட்சம் இத்தாலியர் நாட்டை விட்டுப் போனார்கள். அமெரிக்காவில் அவர்களுடைய உள்ளி வாசத்தைக் கேலி செய்தார்கள். 1891 மார்ச்சில் நியூ ஒர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலானோர் சிசிலிக்காரர். (புனித மிக்கேல் கல்லூரியில் நமக்கு முந்திய தலைமுறைக்குக் கற்பித்த, கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைத் துறவிகள் அதே நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வெபர் மைதானத்தின் பெயர் அவர்களில் ஒருவருடையது.) அந்த ஏழைகளின் சாப்பாடு இன்றைக்கு உலகம் முழுவதும் விலையுயர்ந்த சாப்பாடாகிவிட்டது. சீஸ் வாங்க வழியில்லாத சிசிலிக் குடும்பங்கள் காய்ந்த பாணை உதிர்த்து எண்ணெயில் வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவினார்கள். அதே பாண் தூளை இப்போது உல்லாசப் பயணிகள் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் நண்பனும் சீஸுக்குப் பதில் அதைத்தான் போட்டான். பாண், காலையில் மிஞ்சியது.

ஆக, ‘வீட்டுச் சமையல்’ என்பது இன்று ஒரு வியாபாரப் பெயர். உணவகப் பலகையில் பாட்டியின் படம் இருக்கும். உள்ளே மா குழைப்பவன் பங்களாதேஷ்காரனாகவோ தமிழனாகவோ இருப்பான். அதில் ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை, கையால் செய்தது கையால் செய்ததுதான். ஆனால் யாருடைய கை என்ற கேள்விக்குப் பலகையில் இடமில்லை. 2017இல் நாபோலி நகரின் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் பாரிஸ் மாநகரின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசைப் பெற்றவர் இலங்கையில் இருந்து போன தர்ஷன் செல்வராஜா. ஒரு வருடம் பிரான்ஸ் ஜனாதிபதி மாளிகைக்கு அவருடைய பாண் போனது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் பெயர் தெரிந்த ஒருவருக்குப் பின்னால், பெயர் தெரியாமல் முழங்கால் தேய்ந்துபோனவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணவில்லை. எங்கள் நண்பன் மா குழைத்து முடித்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான்.

தென் இத்தாலியில் பாரி என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதன் பழைய பகுதியில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, ஒரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவைக் கையால் செய்து விற்கிறார்கள். 2019இல் அங்குள்ள ஓர் உணவகத்தில், எங்கிருந்து வந்தது என்ற விபரச்சீட்டு இல்லாத கைப்பாஸ்தாவைப் பொலிஸார் பிடித்து அழித்தார்கள், தண்டமும் விதித்தார்கள். வாசலில் இருந்து விற்கும் பெண்களுக்கு அன்றிலிருந்து பயம். பதிவு செய், கையுறை போடு, வரி கட்டு என்கிறது சட்டம். பாட்டியின் படத்தை உலகம் முழுவதும் விற்றுப் பணம் பண்ணும் நாட்டிலேயே உண்மையான பாட்டிக்கு இந்த நிலை.

இதை அவன் சொன்னபோது ஆசிரியர் உடனே இடியப்பத்தைப் பற்றிக் கேட்டார். சரியான கேள்வி. நாவற்குடாவிலும் நொச்சிமுனையிலும் கல்லடியிலும் விடியமுன் எழும்பி மா பிழிந்து, அவித்து, கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், கடலில் இழந்தவர்கள், கணவன் இருந்தும் இல்லாதவர்கள். உரலைப் பிழிய வேண்டிய பலமும் மாவின் பதம் பார்க்கிற விரலும் பாஸ்தாவுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்தவை அல்ல. ஆனால் ‘வீட்டில் செய்தது’ என்ற அடைமொழி பாஸ்தாவின் விலையை ஏற்றுகிறது, இடியப்பத்தின் விலையை இறக்குகிறது. வீட்டில்தானே செய்கிறீர்கள், உங்களுக்கு என்ன செலவு என்று கடைக்காரர் பேரம் பேசுகிறார். விறகுக்கும் எரிவாயுவுக்கும் அவர்கள் கொடுக்கும் விலை கணக்கில் வருவதில்லை.

எரிவாயு என்றதும் 2022ஐ மறக்க முடியாது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதம். கொழும்பு அதைப் பெரும் அதிர்ச்சியாகப் பார்த்தது. வடக்குக் கிழக்கில் நாம் அதை ஒரு பழைய நோயின் மறுவருகையாகப் பார்த்தோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் சோதனைச் சாவடியில் கணக்குச் சொன்னவர்களுக்கு வரிசை புதிதல்ல. ஆனால் தடைக் காலத்தில் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்கள் வாசலுக்கு வரவில்லை. இப்போது வருகின்றன. 2022இல் வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் இடியப்பக்காரப் பெண்ணுக்கு, பொருளாதாரம் மீண்டுவிட்டது என்ற செய்தி வேறு யாருக்கோ எழுதப்பட்ட கடிதம் போன்றது.

அப்படியானால் இவனைப் போன்றவர்கள் திரும்பி வந்து இங்கே ஒரு கடை போட்டால் என்ன? பலரும் கேட்கும் கேள்வி. 2024இல் இலங்கைக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் வெளிநாட்டுச் சாப்பாட்டுக்குக் கேள்வி இருக்கிறது. மட்டக்களப்பு நகரில் பயணிகள் பெரும்பாலும் ஓர் இரவுக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே இங்கே கடை நம்பியிருக்க வேண்டியது ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் வரும் நமது புலம்பெயர்ந்த குடும்பங்களை. மீதி பத்து மாதம் உள்ளூர்க் கையை நம்ப வேண்டும். அந்தக் கை ஒரு தட்டுப் பாஸ்தாவின் விலைக்கு வீட்டில் நாலு பேருக்குக் கொத்துரொட்டி வாங்கும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் நண்பனும் 2016இல் கடைக்கு இடம் பார்த்தவன். வாடகை, முற்பணம், ஜெனரேட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனான். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, நல்ல காலம் போடவில்லை என்று நினைத்தானாம். அதற்குப் பின் கொரோனா, அதற்குப் பின் 2022. ஒவ்வொரு தடவையும் அவன் முடிவு சரியென்றே நிரூபணமானது. ஊருக்கு அதில் நட்டம்தான்.

சீயோன் என்று சொன்னபோது காத்தான்குடி நண்பர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவற்குடாவுக்கும் காத்தான்குடிக்கும் இடையில் சைக்கிளில் சில நிமிடத் தூரம்தான். 1990 ஓகஸ்டில் அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் நம்மவர்களும் கொல்லப்பட்ட பிறகு அந்தத் தூரம் வருடக்கணக்கில் நீண்டது. 2019க்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதே என்ற பேச்சு மறுபடி வந்தது. அவருடைய கடைக்கு ஆறேழு மாதம் தமிழ் ஆட்கள் வரவில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். பலெர்மோக்காரன் வைன் ஊற்றாமல் சமைத்ததைக் கவனித்துவிட்டு, “அதுக்குப் பதிலா என்ன போட்டாய்?” என்று மட்டும் கேட்டார். தேசிக்காய்ப்புளி.

இவ்வளவும் பேசிச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் அன்றைய உண்மையான விடயம் வெளியில் வந்தது. ஓட்டோ நண்பனின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. இத்தாலிக்குப் போகப் போகிறானாம். பருவகால வேலை விசா. முகவர் ஒருவர் இருபத்தைந்து இலட்சம் கேட்கிறார். தாயின் வளவை ஈடு வைக்கலாம் என்று யோசனை. “நீ அங்க இருக்கிறாய்தானே, போனதும் பாத்துக்கொள்ளுவாய்தானே” என்றான் நண்பன்.

பலெர்மோக்காரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விசாவைப் பற்றி விளக்கினான். இங்கே பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். இத்தாலி 2023 முதல் 2025 வரையான மூன்று வருடங்களுக்கு 4 இலட்சத்து 52 ஆயிரம் வெளிநாட்டுத் தொழிலாளரை அனுமதிக்க முடிவு செய்தது. இலங்கையும் அந்தப் பட்டியலில் உள்ளது. விண்ணப்பிப்பவர் தொழிலாளி அல்ல, இத்தாலியில் உள்ள முதலாளி. அவருக்கு நுல்லா ஓஸ்தா எனப்படும் அனுமதி கிடைத்தால்தான் தூதரகம் விசா கொடுக்கும். போய் இறங்கிய பின் அதே முதலாளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் வதிவிட அனுமதி. இறங்கிய பின் முதலாளி என்று ஒருவரே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இந்த விண்ணப்பங்களுக்குள் குற்றக் கும்பல்கள் புகுந்துவிட்டதாக 2024 ஜூனில் பிரதமர் மெலோனியே அறிவித்தார். அதே வருடம் ஒக்டோபரில், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட நாடுகளில் இருந்து போலி ஆவணங்கள் வருவதாகச் சொல்லி, இந்நாட்டவரின் அனுமதிகளைச் சரிபார்த்து முடிக்கும் வரை நிறுத்தி வைக்கும் சட்டத்தை இத்தாலி கொண்டுவந்தது. முகவர்கள் இதைச் சொல்வதில்லை. பழைய நுல்லா ஓஸ்தாவின் பிரதியைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்.

“நான் போகக்குள்ள பேப்பர் இல்லாம மூணு வருசம் நிண்டன். அப்ப மன்னிப்பு வந்தது. இப்ப வராது மச்சான்” என்றான். கடைசியாகப் பெரிய அளவில் 2020இல் வந்தது, அதிலும் உணவகத் தொழிலாளரைச் சேர்க்கவில்லை. வயல், வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு மட்டும்தான்.

மகன் அதுவரை வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப மாமா, இஞ்ச நான் என்ன செய்ய?” என்றான். ஓட்டோவுக்கு லீசிங் எடுத்தால் மாதக் கட்டணம், பெற்றோல், ஏற்கனவே நிற்கும் ஓட்டோக்களின் எண்ணிக்கை என்று அவன் போட்ட கணக்கில் பிழை காண முடியவில்லை. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். 2024இல் அப்படிப் போனவர்கள் அனுப்பிய காசு 650 கோடி டொலரைத் தாண்டியது. அது உல்லாசப் பயணத்துறை கொண்டு வந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த வருமானத்தை அரசாங்கம் வரவேற்கிறது. போகிறவனை முகவரிடம் இருந்து காப்பாற்றுவதில் அதே அவசரத்தைக் காணவில்லை. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதைப் பணியகத்தில் கேட்டு அறியலாம். ஆசிரியர் திங்கட்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் பலெர்மோக்காரன் கிணற்றடிக்குப் போனான். அம்மா தடுத்தார். “நீ விடு மனே, அங்கயும் இதத்தானே செய்யிறாய்.” அவன் விடவில்லை. மகனும் கூடப் போய்க் குந்தினான். இருவரும் என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை.

முகவருக்கு முதல் தவணை இன்னும் கட்டவில்லை. செப்டெம்பர் முடியமுன் பதில் சொல்ல வேண்டுமாம்.